போய்விட்டு வந்த கோமதிநாயகம்

எங்கள் ஊரான பூவாணிப்பேரியில் பாம்பு கிடையாது, பூச்சிதான் உண்டு. விளக்கை யாரும் அணைப்பதில்லை, குளிர வைப்பார்கள். அம்மை கண்ட பிள்ளையைப் பார்த்து ஆத்தா விளையாடுகிறாள் என்பார்கள். வெளியே கிளம்புகிறவனிடம் எங்கே போகிறாய் என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்பதால் ‘தூரமா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, எந்த ஊர், யார் வீடு, என்ன வில்லங்கம், எப்போது திரும்புவான் என்பது வரை அவன் வாயிலிருந்தே கறந்துவிட்டுத்தான் விடுவார்கள். ஒரு முறை அசலூர் லாரி டிரைவர் ஒருவர் பஸ் நிலையத்துப் புளியமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்திருந்தபோது, ஊரே சுற்றி நின்றுகொண்டு ‘பூச்சி, பூச்சி’ என்று தொண்டை கிழியக் கத்தியது, அவரும் கொசுவாக்கும் என்று கையை வீசிவிட்டுப் புரண்டு படுத்தார். ஒரே ஒரு வாய் பாம்பு என்று சொல்லியிருந்தால் போதும். அந்த மனிதர் பெரியாஸ்பத்திரியில் கிடந்து ஒரு கால்விரலை அங்கேயே விட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். ஊர் அதற்காக வெட்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசப்படாமல் தப்பியது என்றுதான் எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள்.

இந்தச் சுத்தபத்தத்துக்கெல்லாம் காவலாக நல்வாக்குச் சபை என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் கோமதிநாயகம், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மடிப்புக் கலையாத வேட்டி, மைக் இல்லாமலே கடைத்தெருவுக்குக் கேட்கும் குரல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் சத்திரத்து மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாம் பேசுகிற பழைய சொற்றொடர்கள் எல்லாம் எந்த ஊரில் எந்த வயிற்றில் பிறந்தன என்று அளந்து விடுவார். கம்பி நீட்டுவது என்ற பேச்சு, பாண்டியன் சிறையில் கிடந்த கைதி ஒருவன் ஜன்னல் கம்பியை இழுத்து நீட்டிவிட்டு ஓடியதால் வந்தது என்று ஒரு ஞாயிறு சொன்னார். அடுத்த மாதமே, அதே நாற்காலியில் உட்கார்ந்து, வாசிக்கத் தெரியாத வித்வான் ஒருவன் அரசவையில் வீணைக் கம்பியை நீட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்திவிட்டு ஓடியதால் வந்தது என்றார். இரண்டுக்கும் ஒரே அளவு கைதட்டல். போன மாதத்துக் கைதி என்ன ஆனான் ஐயா என்று கேட்க ஊரில் நாதியில்லை. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதில் எங்கள் ஆட்களுக்கு அக்கறை கிடையாது, சொல்கிறவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதில்தான் அக்கறை.

சபையின் தலையாய சாதனை, ‘போறேன்’ என்ற வார்த்தையை ஊரைவிட்டே விரட்டியது. வாசல் தாண்டுகிற எவரும் போயிட்டு வாரேன் என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் இது வழக்கம்தான், ஆனால் மற்ற ஊர்களில் அது பழக்கம், எங்கள் ஊரில் சட்டம். கடைசி பஸ் கண்டக்டர்கூடப் படியில் தொங்கிக்கொண்டு ‘போயிட்டு வாரோம்’ என்று சொல்லிவிட்டுத்தான் விசில் ஊத வேண்டும், மறந்துபோய் ஊதிவிட்டால் மறுநாள் சபையின் செயலாளர் பால்வண்ணன் பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்பார். பால்வண்ணன் கடைத்தெருவில் பிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருப்பவர், கோமதிநாயகம் தும்மினாலும் அதற்கு வாழ்த்துப் பேனர் கட்டக்கூடியவர்.

வீட்டுக்குள் கோமதிநாயகம் வேறு தமிழ் பேசினார். அவர் மனைவி ஆவுடையம்மாளை, கல்யாணமாகி வந்த நாள்முதல் அவர் ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டதை அண்டை வீட்டார் கேட்டதில்லை. மூதேவி, சனியன், தரித்திரம், பிள்ளை பெறாததால் அதற்கென்று ஒரு வார்த்தை, சாம்பாரில் உப்புக் கூடினால் அவள் அம்மாவையும் சேர்த்து ஒரு வார்த்தை. சபை எந்தெந்தச் சொற்களைத் தடை செய்ததோ அவையெல்லாம் தெருவில் இடமில்லாமல் போய் அந்த ஒரு வீட்டில் குடியேறியிருந்தன. சுவர் ஒட்டி இருந்த காந்திமதிக்கு எல்லாம் கேட்கும், காந்திமதிக்குக் கேட்டால் தெருவுக்கே கேட்ட மாதிரி. ஆனாலும் ஐயா வெளியே வந்ததும் தெரு மொத்தமும் எழுந்து நின்று கும்பிடும். கும்பிட்ட கைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு பொங்கலுக்குச் சபையில் பிடித்த சொல், பிடிக்காத சொல் என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து அன்பு, தாய்மை, பணிவு என்று உருகினார்கள். வட்டிக்கடைக்காரர் இரக்கம் என்றபோது அவர் கண்ணே கலங்கியது. தலைவரின் மனைவி என்று ஆவுடையம்மாளையும் எழுப்பி நிறுத்தியபோது அவள் கொஞ்சம் யோசித்து, ‘தாழ்ப்பாள்’ என்றாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வீட்டில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது குளியலறைக்கு மட்டும்தான் என்பது அங்கே காந்திமதிக்குத் தெரியும், அவளும் சிரித்தாள்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக் கை கழுவப்போன கோமதிநாயகம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காந்திமதியும் பால்வண்ணனும் தெருவும் ஓடிவந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் கூட்டத்தைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் கூப்பி, ‘எல்லாருக்கும் போயிட்டு வாரேன்’ என்று எழுத்துச் சுத்தமாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். டாக்டர் வந்து பார்த்துக் கையை விரித்தார். மத்தியானம் ஆற்றங்கரையில் வைத்து எரித்தார்கள். பெண்கள் எல்லாம் குளித்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனபின், ஆவுடையம்மாள் கூடத்தின் நட்டநடுவில், காலை நன்றாக நீட்டி, பகலிலே படுத்துத் தூங்கினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல நான் ஒன்றும் சபை உறுப்பினர் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த தங்கச்சி சண்முகவடிவு கிளம்புமுன் அவள் காதோரம் குனிந்து, ‘காரியமெல்லாம் முடிஞ்சதும் வந்துரு அக்கா, மாடி ரூம்பு ஒனக்குத்தான், எங்க வீட்டுக்காரரும் சரின்னுட்டாவ’ என்று சொல்லியிருந்தாள். அந்த மாடி ரூம்பை நினைத்துக்கொண்டேதான் ஆவுடையம்மாள் தூங்கிப்போனாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோமதிநாயகம் வந்துவிட்டார். பேயாக வரவில்லை, யார் கனவிலும் வரவில்லை, ஆற்றில் குளித்து ஈர வேட்டியோடு கடைத்தெரு வழியாக நடந்து வந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார், அந்தச் சாம்பலை எங்கே எடுத்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எதிர்ப்பட்டவர்கள் எப்போதும்போல ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். வாசலில் நின்று, ‘எளா மூதேவி, வென்னி போடலியா?’ என்று அவர் கேட்ட குரலில்தான் ஆவுடையம்மாள் விழித்தாள்.

மற்ற ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள், பத்திரிகைக்காரன் வந்திருப்பான். எங்கள் ஊர் பெருமைப்பட்டது. போயிட்டு வாரேன் என்று சொன்னார், போனார், வந்தார், சொன்ன சொல் தவறாத மனிதர் என்று சத்திரத்தில் பேசிப் பேசி மாய்ந்தார்கள். பந்தல்காரர் வந்து, போட்ட பந்தலைப் பிரிக்கவா வேண்டாமா என்று அவரிடமே கேட்டார். பென்ஷன் ஆபீசில் இறந்ததற்கு ஒரு சான்றும் இருப்பதற்கு ஒரு சான்றும் ஒரே கவரில் போய்ச் சேர்ந்தன, அங்கே இருந்தவர்களும் தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் எல்லோரும் பழகிவிட்டார்கள். அவருடைய உடம்பு மட்டும் பழைய உடம்புதானே, ஆடியில் ஒரு நாள் மறுபடியும் நெஞ்சு வலித்தது, மறுபடியும் கைகூப்பிச் சொல்லிக்கொண்டு போனார், மத்தியானம் எரித்தார்கள், சாயங்காலம் வந்தார். ஆவணியில் மூன்றாம் முறை போனபோது அழுவதற்கு ஆள் வரவில்லை, மேளக்காரர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். சுடுகாட்டில் எரிக்கும் மாசானம் மட்டும் அவர் திரும்பி வரும் வழியில் நின்று, ‘ஐயா, ஐப்பசி கார்த்திகையில மட்டும் வேண்டாம்யா, வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கும்’ என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். பார்க்கலாம் என்றார் ஐயா.

இதைப் பார்த்து ஊரில் மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. வயசானவர்கள் எல்லாம் காலையும் மாலையும் போயிட்டு வாரேன் சொல்லிப் பழகினார்கள். ரைஸ்மில் முதலாளி ஒருவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லித் தயாராக இருந்தார், கடைசியில் ‘போயிட்டு’ என்பது வரைதான் வந்தது. அவர் வரவில்லை. உச்சரிப்புப் போதாது என்று கோமதிநாயகம் சபையில் விளக்கம் சொன்னார், முதலாளியின் மகன்களும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

ஆவுடையம்மாள் நிலைமையை யாரும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. எல்லோரும் கேட்காமலே அவளுக்குச் சந்தோஷத்தைக் கொண்டுவந்து கொட்டினார்கள். யமனாலேயே கழற்ற முடியாத தாலி என்று பேர் வைத்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் புதுப்பெண்களைக் கூட்டிவந்து அவள் கையால் குங்குமம் வைத்துவிடச் சொன்னார்கள். உள்ளே இருந்து, ‘எங்க தொலஞ்சா அந்தச் சனியன்?’ என்று சத்தம் வரும், வாசலில் வரிசை நிற்கும், அவள் ஒவ்வொரு நெற்றியாக வைத்துக்கொண்டே போவாள். ஒரு நாள் தாங்க முடியாமல் காந்திமதியிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

‘எனக்கு வேண்டாம் காந்திமதி. அவுக போயிட்டா நல்லாருக்கும்.’

காந்திமதி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ‘சீ சீ, என்ன பேச்சு மதினி இது? நல்ல நாளும் அதுவுமா. யாருக்குக் கெடைக்கும் இந்தப் பாக்கியம்?’

‘ஒனக்கு வேணும்னா எடுத்துக்கோ.’

‘ஐயோ, நமக்கெதுக்கு மதினி’ என்று சொல்லிவிட்டுக் காந்திமதி அவசரமாக வீட்டுக்குள் போனாள், ஏதோ அடுப்பில் வைத்தது ஞாபகம் வந்தவள்போல.

ஆவுடையம்மாள் ஒரு தடவை பையில் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தூத்துக்குடிக்கே போய்விட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே பால்வண்ணன் கார் எடுத்துக்கொண்டு போய் இறங்கினார். அப்படிப்பட்ட மகானை விட்டுவிட்டு வரலாமா அம்மா என்று நயமாகத்தான் பேசினார், கெட்ட வார்த்தை ஒன்றுகூடப் பேசவில்லை. சண்முகவடிவின் புருஷன், ‘அண்ணாச்சி இருக்கையில நான் எப்படி மதினி ஒங்கள வச்சுக்கிட முடியும்? நாளைக்கு நாலு பேரு என்னயத்தான கேப்பாவ’ என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாடி ரூம்பின் கதவு சாத்தியே இருந்தது. அவள் திரும்பக் காரில் ஏறினாள். அவர் உண்மையிலேயே போனால் ஒழியத் தனக்கு எந்த வீடும் திறக்காது என்பது அன்றைக்கு அவளுக்கு ஐயமில்லாமல் தெரிந்துவிட்டது.

புரட்டாசிக் கடைசியில் அம்மன் கோயில் கொடைவிழா வந்தது. ஊர் வழக்கப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தேங்காய் பழத் தட்டுப் போக வேண்டும். ஆவுடையம்மாள் தட்டோடு போய் நின்றபோது பூசாரி தயங்கினார், பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அந்த வீட்டில் இழவு விழுந்தது, பதினாறாம் நாள் விசேஷம் நடக்கவில்லை, தீட்டுக் கழியாத வீட்டுத் தட்டை அம்மன் ஏற்பாளா என்று ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமை அவள் கையால் குங்குமம் வாங்கிக்கொண்ட அதே வாய்கள்தான் கேட்டன. ஒரே பெண்பிள்ளையை ஒரே வாரத்தில் பாக்கியவதியாகவும் தீட்டுக்காரியாகவும் வைத்துக்கொள்ள எங்கள் ஊருக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

பூசாரி சபைத் தலைவரிடமே தீர்ப்புக் கேட்டார். இதில் தன் வீட்டு மானம் போகிறதே என்று வேறு மனிதர்கள் நினைத்திருப்பார்கள். கோமதிநாயகத்துக்கோ, தன்னிடம் ஒரு சொல்லுக்கு விளக்கம் கேட்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் கண்ணில் படாது. கோயில் வாசலிலேயே தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். தீட்டு என்ற சொல் எங்கே பிறந்தது, பதினாறு ஏன் பதினாறு, பதினேழு ஏன் இல்லை என்று ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கடைசியில் தீர்ப்புச் சொன்னார்.

‘நான் திரும்பி வந்தது என் வாக்குப் பலம், அது வேற. ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? பதினாறு கழியாத வரைக்கும் அது கேத வீடுதான். இந்த வருசம் நம்ம வீட்டுத் தட்டு வேண்டாம். நானே சொல்லுதேன்.’

தன் வீட்டுக்கே விலக்குச் சொன்ன நேர்மை என்று கூட்டம் நெகிழ்ந்துபோனது. கேத வீடு என்றால் துக்க வீடு, அங்கே விளக்கு அலங்காரம் கூடாது, விருந்து கூடாது, வந்தவர்கள் வாரேன் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும் என்று அவர் வரிசையாக எடுத்துச் சொல்லிக்கொண்டே போனார். துக்க வீட்டில் வாரேன் என்று சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருவேன் என்று ஆகிவிடுமாம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. ஆவுடையம்மாளுக்கும் தெரியும். அவள் தேங்காய்த் தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வார்த்தை வரை நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் அவள் தனக்குத்தானே சிரித்ததைப் பார்த்தவர்கள், அவமானத்தில் புத்தி பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்தத் தேங்காயை அவள் உடைத்து, வெல்லம் வைத்து, ஒரு சில்லு விடாமல் தானே தின்றாள்.

கொடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று முறை போய்விட்டு வந்தவருக்குச் சபை பாராட்டு விழா எடுத்தது. ஐயாவுக்கு உடம்பு தளர்ந்திருந்ததால் விழாவை அவர் வீட்டுக் கூடத்திலேயே வைத்தார்கள். கேத வீட்டில் விழா எடுக்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை, பொன்னாடையும் மைக்கும் வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. மீள்மொழிச் செம்மல் என்று பட்டம். கூடம் நிறைந்து நடை நிறைந்து தெருவிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். பால்வண்ணன் அரைமணி நேரம் புகழ்ந்தார், அந்த அரைமணியில் கோமதிநாயகம் என்ற பேர் வந்த இடங்களைவிடப் பால்வண்ணன் என்ற பேர் வந்த இடங்கள் அதிகம்.

பொன்னாடையைப் போர்த்தும்போதுதான் ஐயாவின் முகம் மாறியது. கை நெஞ்சுக்குப் போனது. ஊருக்கு இந்த அடையாளம் பழகிப்போயிருந்ததால் யாரும் பதறவில்லை, நேரில் பார்க்கக் கொடுத்து வைத்ததே என்று பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், ஒருவர் தோளில் பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். மாசானத்துக்குச் சொல்லிவிடுங்கள் என்று எவரோ சொன்னார்கள். கோமதிநாயகம் பொன்னாடையைச் சரிசெய்தார். பால்வண்ணன் மைக்கைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்து அவர் வாயருகே பிடித்தார். இரண்டு கையும் கூப்பியாயிற்று. வாய் திறந்தது.

‘கேத வீட்ல சொல்லிக்கிட்டுப் போலாமா?’

அடுக்களை வாசலில் நின்று ஆவுடையம்மாள் கேட்டாள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில், யாரும் எழுப்பி நிறுத்திக் கேட்காமல் அவள் தானாக வாய் திறந்ததை அதுவரை ஒருவரும் கண்டதில்லை. அவள் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை, மைக்தான் அதை வாங்கித் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோனது.

‘நீங்கதான தீர்ப்புச் சொன்னிய? பதினாறு இன்னும் கழியலியே’ என்றாள்.

முன்வரிசையில் இருந்த பெண்கள் வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். ‘சொல்லக் கூடாதுல்லா’ என்று ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், அது பக்கத்துக்குப் பக்கம் பரவியது, சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது, துக்க வீட்டில் வாரேன் சொன்னால் ஊருக்கே ஆகாது. கோமதிநாயகம் சபையைப் பார்த்தார். சபை மொத்தமும் அவர் வாயையே பார்த்தது. அவர் அந்த வார்த்தையைச் சொன்னால் திரும்பி வரலாம், ஆனால் வாரம் திரும்புவதற்குள் சொன்ன தீர்ப்பை இத்தனை பேர் எதிரில் தானே மிதித்த ஆளாகத்தான் வர வேண்டும். சொல்லாவிட்டால் வர முடியாது. வாழ்நாளெல்லாம் வார்த்தைகளை வைத்தே வயிறு வளர்த்த மனிதர், தனக்கு இன்னும் ஒரு வார்த்தை எங்கேயாவது இருக்கும் என்று தேடினார் போலிருக்கிறது. உதடுகள் ஒரு சொல்லுக்குக் குவிந்தன, விரிந்தன, வேறு ஒன்றுக்குக் குவிந்தன. மூச்சு இழுப்பது மைக்கில் கரகரவென்று கேட்டது. கடைசியாக அவர் ஆவுடையம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கென்று அவர் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டை வரை வந்துவிட்டன என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. ஆனால் அவற்றையும் மைக்கில் சொல்ல முடியாது. திறந்த வாய் திறந்தபடியே இருக்க, அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

கேத வீட்டு வழக்கப்படி ஒவ்வொருவராக எழுந்து, அவளிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார்கள். கூடம் காலியாகக் காலியாக அவளுக்கு அந்த அமைதி பிடித்துப்போனது.

அன்றைக்கும் மத்தியானமே எரித்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவே வாசலில் நின்று கடைத்தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாளும் நின்றாள். ஆற்றுப்பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வெள்ளை வேட்டியும் அவள் ஈரக்குலையைப் பிடித்து உலுக்கியது. பால்காரர் வந்தார், சைக்கிளில் ஐஸ் விற்பவர் வந்தார், மாசானம் வந்து ‘முடிஞ்சுதும்மா’ என்று எட்டி நின்று சொல்லிவிட்டுப் போனான். கோமதிநாயகம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் தங்கச்சியை வரவழைத்து, பதினாறாம் நாள் விசேஷத்தை ஒரு குறையும் இல்லாமல், சாஸ்திரிகளே கொட்டாவி விடும் அளவுக்கு நீட்டி முழக்கிச் செய்து முடித்தாள்.

சபை சும்மா இருக்குமா? அதற்குள் எங்கள் ஊரில், இதையும் பேச முடியாமல் அதையும் பேச முடியாமல் ஒருவன் முழித்தால் ‘மைக்கு முன்னால கோமதி மாதிரி’ என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். பால்வண்ணன் சத்திரத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அந்தப் பேச்சுக்கும் ஒரு பிறப்பைக் கண்டுபிடித்தார். ஐயா கடைசி நேரத்தில் மௌனமாக உபதேசம் செய்தார், அதைக் குறிப்பதே இந்தத் தொடர் என்று சொன்னார். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கரகரப்பைத் தங்கள் காதாலேயே கேட்டவர்கள் எல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

விசேஷம் முடிந்த மறுநாள் காலை பால்வண்ணன் ஆவுடையம்மாளைப் பார்க்க வந்தார். ஐயா வந்தாலும் வந்துவிடுவார் என்ற நினைப்பில் இந்தத் தடவை அவர் பேனரே அடிக்கவில்லை. இப்போது பஸ் நிலையத்தில் பெரிதாக ஒன்று கட்ட வேண்டும், படம் தயார், வாசகம்தான் பாக்கி. ஆவுடையம்மாள் பையில் சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

‘என்ன வார்த்தை போடட்டும்மா?’

‘செத்துப்போனார்னு போடுங்க.’

பால்வண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ‘ஐயோ அம்மா, அப்படிப் போடலாமா? ஒரு மரியாத வேண்டாமா?’

‘ஆனியில என்ன போட்டிய?’

‘சிவபதம் அடைந்தார்னு.’

‘சாயங்காலம் வந்துட்டாவ. ஆடியில?’

‘இயற்கை எய்தினார்.’

‘வந்துட்டாவ. ஆவணியில?’

‘இறைவனடி சேர்ந்தார்னு போட்டோம்.’

‘அங்கயும் இருக்கல. ஒங்க நல்ல வார்த்தையெல்லாம் போட்டுப் பாத்தாச்சுல்லா?’ ஆவுடையம்மாள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். ‘நா பதினோரு மணி பஸ்ல தூத்துக்குடி போறேன். இனிமே இங்க வர மாட்டேன். நா போன பெறவு ஒங்க இஷ்டத்துக்கு வார்த்தைய மாத்தாதீய. மாத்தி, அவுக பழைய மாதிரி வந்து நின்னா, இந்த வீடு பூட்டிக் கெடக்கும். நேரா ஒங்க வீட்டுக்குத்தான் வருவாவ. பொங்கிப் போட்டு, பேச்சு வாங்க, ஒங்க வீட்ல ஆளு இருக்கான்னு கேட்டுக்கிடுங்க.’

பால்வண்ணன் திரும்பி நடந்தார். அன்று மத்தியானமே பஸ் நிலையத்தில், பாம்பைப் பாம்பு என்று சொல்லப் பயந்த ஊரின் தலைக்கு மேலே, ஆளுயர எழுத்தில், ‘நல்வாக்குச் சபைத் தலைவர் கோமதிநாயகம் செத்துப்போனார்’ என்று பேனர் எழுந்தது. ஊர் அதன் கீழே குனிந்த தலையோடு போய்வந்தது. வெயிலில் சாயம் வெளுத்து, படம் அழிந்து, கயிறு இற்று ஒரு பக்கம் தொங்கிப்போன பிறகும், அதைக் கழற்ற எங்கள் ஊரில் ஒரு ஆளுக்கும் தைரியம் வரவில்லை.